முழு உருவப் படத்துக்கு முதலில் தரை, பிறகு பின்திரை

முகப்படம் எடுப்பவருக்கு ஒரு பின்திரை இருந்தால் போதும். சட்டகம் மார்போடு முடிந்துவிடுவதால், எதிரில் இருப்பவர் மொட்டை மாடியில் நிற்கிறாரா, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாரா என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. தலை முதல் கால்விரல் வரை உடல் முழுவதையும், அதன் வளைவையும் எடையையும் சமநிலையையும் பொருளாகக் கொண்டு எடுக்கும் படங்களில் நிலைமை வேறு. அரைமண்டியில் நிற்கும் நடனக் கலைஞர், ஆசனத்தில் இருக்கும் யோகப் பயிற்சியாளர், ஓவியக் கல்லூரி வகுப்பில் மாதிரியாக அமர்பவர் என யாரை எடுத்தாலும், ஆடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குதிக்கும் ஒரு கணத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த உடல் எங்கேனும் ஓரிடத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொடும் அந்த இடத்தில்தான் உடலுக்கு எடை இருப்பது கண்ணுக்குப் புலப்படுகிறது.

ஆயினும் புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பின்திரையைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். திரையை மாட்டி, ஆளை நிறுத்தி, காமிராவில் பார்க்கும்போதுதான், கணுக்காலுக்குப் பின்னால் தரை ஓட்டின் இணைப்புக் கோடு ஓடுவதும், திரையின் கீழ்விளிம்பு சுவரோரத்தில் மடங்கிக் கிடப்பதும் தெரிய வருகின்றன. தரையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகும் பின்திரையைப் பிறகு தேடுவதே சரியான வரிசை என்பது என் கருத்து. இதை வெறும் ரசனையின் பேரில் சொல்லவில்லை. பின்திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் விளக்கைக் கொண்டு மாற்றிவிடலாம். தரையை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. சிறிய ஒளிமூலம் ஒன்றிலிருந்து தூரம் இரு மடங்கானால், விழும் ஒளி பாதியாகாமல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒளி பாதியாவதை ஒரு ஸ்டாப் குறைவு என்று ஒளிப்படக்காரர்கள் சொல்வதால், நான்கில் ஒரு பங்கு என்பது இரண்டு ஸ்டாப் குறைவு. விளக்கு மாடலிலிருந்து 4 அடியிலும், அவருக்கு 4 அடி பின்னால் வெள்ளைத் திரையும் இருந்தால், திரைக்கு விளக்கின் தூரம் 8 அடியாகிறது. மாடலுக்குச் சரியாக ஒளி அமைத்த படத்தில் அந்த வெள்ளைத் திரை சாம்பல் நிறமாகத்தான் பதிவாகும். விளக்கை 3 அடிக்குக் கொண்டுவந்து, விளக்கிலிருந்து திரையை 12 அடி தள்ளி வைத்தால் திரைக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு ஒளி, அதாவது நான்கு ஸ்டாப் குறைவு. அதே வெள்ளைத் திரை இப்போது கருஞ்சாம்பலாகிவிடும். மாறாக, சாம்பல் திரைமேல் தனியாக ஒரு விளக்கைத் திருப்பினால் அதை வெள்ளையாகவும் காட்டலாம். எனவே பின்திரை என்பது கடையில் வாங்கிய நிறத்தோடு நின்றுவிடும் பொருளன்று.

தரைக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. பாதத்தின்மேல் விழும் ஒளிதான் பாதத்தைச் சுற்றியுள்ள தரையின்மேலும் விழுகிறது. தரையை இருட்டாக்க முயன்றால் பாதமும் இருட்டாகும். வெள்ளைத் தரை பாதத்தருகே வெள்ளையாகவே இருக்கும், சிவப்புத் தரை சிவப்பாகவே இருக்கும். விளக்கின் முன் தடுப்பு அட்டை வைத்து ஒளியைச் சற்று மேலே நிறுத்தலாம், அவ்வளவுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. தலைக்கு 3 அடி தூரத்தில் உயரமாக ஒரு விளக்கு வைத்தால், அதிலிருந்து பாதம் 8 அடி தள்ளியிருக்கலாம்; அப்போது முகத்துக்கும் பாதத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஸ்டாப் வேறுபாடு வந்து, கால்கள் இருளில் கரைந்துவிடும். முழு உருவத்துக்கும் ஒரே அளவு ஒளி வேண்டுமென்றால் விளக்கை 8 அல்லது 9 அடி பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோனால், மாடலுக்கு 6 அடி பின்னால் இருக்கும் திரைக்கும் கணிசமான ஒளி போய்ச் சேர்ந்து, அதை இருட்டாக்கும் வசதி குறைந்துவிடும். முகப்படத்தில் இலகுவாகக் கைகூடும் வித்தைகள் முழு உருவத்தில் கைகொடுக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

தரை எவ்வளவு தெரியப்போகிறது என்பதைக் காமிராவின் உயரம் தீர்மானிக்கிறது. காமிராவை முழங்கால் உயரத்தில் வைத்தால் தரை ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கி, பின்திரை படத்தை நிறைத்துக்கொள்ளும். கண் உயரத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்கினால் சட்டகத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் தரையாகிவிடும். ஏணி மீதேறி, படுத்திருக்கும் உடலை நேர்மேலிருந்து எடுத்தால் தரையே பின்திரையாகிவிடுகிறது. ஸ்டாண்டோ திரையோ இல்லாமல், ஒரு நல்ல விரிப்பும் ஒரு சன்னலும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க விரும்புபவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும், காமிராவின் வார் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது. நின்ற நிலையை எடுக்கும்போது காமிராவை இடுப்பு உயரத்தில் வைப்பது பொதுவாக நல்லது. சிறிய அறையில் அகலக் கோண லென்ஸைக் கண் உயரத்தில் பிடித்தால் தலை பெருத்தும் கால்கள் குறுகியும் தெரியும். இடுப்பு உயரம் அந்தக் குறையைப் பாதியாவது சரிசெய்துவிடும்.

சுவரையும் தரையையும் பிரிக்கும் கோடு படத்தில் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அடுத்த முடிவு. வேண்டாம் என்பவர்கள் பேப்பர் ரோலை நாடுகிறார்கள். மேலே குழாயில் மாட்டிய ரோலைக் கீழே இறக்கி, சுவரோரத்தில் மடிக்காமல் மென்மையாக வளைத்து, தரைமேல் முன்னோக்கி இழுத்துவிட்டால், தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. பெரிய ஸ்டூடியோக்களில் சிமெண்ட்டாலோ மரத்தாலோ நிரந்தரமாகக் கட்டி வெள்ளை பூசிவைத்திருக்கும் வளைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. பேப்பர் ரோல்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே அளவுகளில் கிடைக்கின்றன: 1.35 மீட்டர், 2.72 மீட்டர், 3.55 மீட்டர் அகலங்கள் வழக்கமானவை. நீளம் பெரும்பாலும் 11 மீட்டர். 1.35 மீட்டர் என்பது நாலரை அடிகூட இல்லை. மார்பளவுப் படத்துக்கு அது போதும், இரு கைகளையும் விரித்து நிற்கும் ஒருவருக்குப் போதவே போதாது. விரித்த கைகளின் நுனிக்கு நுனி அளவு ஏறக்குறைய அவருடைய உயரத்துக்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் 2.72 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 9 அடி, எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

கடைக்குப் போவதற்கு முன் அறையை அளந்துகொள்வது நல்லது. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரை மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, சட்டகம் 7 அடி உயரத்தை அடக்க வேண்டும். முழு ஃபிரேம் காமிராவை (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் கொண்டதை) செங்குத்தாகப் பிடித்து 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் இதற்கு ஏறத்தாழ 10 அடி தூரம் வேண்டும், 85 மி.மீ. லென்ஸென்றால் பதினாறரை அடி. மாடலுக்குப் பின்னால் திரைவரை 5 அடி, எடுப்பவர் நிற்க 2 அடி என்று கூட்டினால், 50 மி.மீ. லென்ஸுக்கே 17 அடி நீளமுள்ள இடம் தேவைப்படுகிறது. நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் வழக்கம் என்பதால், கதவைத் திறந்து கூடத்தில் நின்றுகொண்டு படுக்கையறைக்குள் இருப்பவரை எடுப்பது எல்லாரும் செய்கிற காரியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படுத்த நிலைக்குக் கணக்கு மாறுகிறது. சட்டகம் இப்போது கிடையாகத் திரும்பி, உடலிருக்கும் இடத்தில் 7 அடி அகலத்தை அடக்குகிறது. அதே 50 மி.மீ. லென்ஸில் திரை 6 அடி பின்னால் இருந்தால், அந்த இடத்தில் காமிரா பார்ப்பது பதினொன்றேகால் அடி அகலம். 9 அடி ரோலின் இரு ஓரங்களும் படத்தில் தெரிந்துவிடும். திரையை உடலுக்கு ஓரடி பின்னால் நெருக்கினால் ரோல் போதும், ஆனால் உடலின் நிழல் திரைமேல் விழும். இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்கவே பலர் படுத்த நிலைகளை உயரத்திலிருந்து, தரையையே பின்புலமாக்கி எடுக்கிறார்கள்.

பேப்பர் ரோலின் குறை, அது பேப்பர் என்பதுதான். 8 அடி உயரத்திலிருந்து இறக்கி, தரையில் ஒன்பது அடி விரித்தால் 17 அடி ஏற்கெனவே வெளியே வந்துவிடுகிறது. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அழுக்கான முன்பகுதியில் நாலடியை வெட்டினால், நான்கைந்து வெட்டுகளில் 36 அடி ரோல் தீர்ந்துவிடும். நான் முதன்முதலாக ஒரு நடனக் கலைஞரை முழு உருவமாக எடுக்க வெள்ளை ரோல் விரித்தபோது, பாதத்தில் பூசியிருந்த செம்பஞ்சுக் குழம்பு காய்ந்துவிட்டதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. முதல் தட்டடவு முடிவதற்குள் வெள்ளைப் பேப்பர் முழுவதும் சிவப்புப் பாதங்கள். அதோடு சலங்கை மணிகள் உரசிய இடத்தில் சுருக்கமும், குதிகால் அழுந்திய இடத்தில் கிழிசலும். கீழேயிருந்த தரை ஓடுகளின் இணைப்புப் பள்ளத்தில் குதிகால் பட்டதால்தான் பேப்பர் கிழிந்தது என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். அன்றிலிருந்து எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகைகள் இரண்டைக் கீழே போட்டு, அதன்மேல்தான் பேப்பரை விரிக்கிறேன். ஓரங்களை நாடாவால் ஒட்டாவிட்டால் வழவழப்பான பலகைமேல் பேப்பர் நழுவி ஆளைக் கீழே தள்ளிவிடும். படம் எடுக்கும் நேரம்வரை மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தி வைப்பதும், மேலே ஏறுவதற்கு முன் பாதங்களை ஈரத்துணியால் துடைத்து உலரவிடச் சொல்வதும் பிற்பாடு கணினியில் ஒவ்வொரு கறையாக அழிக்கும் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

துணி வேறு வகையான பொருள். காடாத் துணி மலிவானது, கிட்டத்தட்ட எந்த ஊர்த் துணிக்கடையிலும் கிடைக்கும், சாயம் ஏற்றலாம், துவைக்கலாம். அகலம் போதாமல் இரண்டு மூன்று பட்டைகளை இணைத்துத் தைக்க நேர்ந்தால், தையல் கோடு தலைக்குப் பின்னால் செங்குத்தாக வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துணியின் பெரிய சிக்கல் சுருக்கம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒளியில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிழலைப் பெறும். உடலின் தசைகளையும் எலும்பு மேடுகளையும் காட்டுவதற்கு நாம் விரும்பும் ஒளியும் அதே சாய்வான ஒளிதான் என்பதால், உடலுக்கு நல்லதாக அமையும் ஒளி துணிக்குக் கெட்டதாக அமைகிறது. ஆகவே ஒன்று, துணியை இஸ்திரி போட்டு நான்கு பக்கமும் கிளிப்பால் இழுத்துக் கட்ட வேண்டும். அல்லது மடிப்புகளை வேண்டுமென்றே பெரிதாகவும் தாராளமாகவும் விழவிட்டு, அவற்றையும் படத்தின் வடிவங்களாக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் மடித்து வைத்த கட்டக்கோடுகள் அப்படியே தெரியும் துணியைப் போல ஒரு படத்தைக் கெடுப்பது வேறில்லை.

தடித்த கான்வாஸ் துணியில் வண்ணம் பூசிய திரை இவற்றைவிடக் கனமானது, அதனால் தானே நேராகத் தொங்கும். மடிக்காமல் சுருட்டி வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென் 1950இல் பாரிஸில் கிடைத்த பழைய நாடகத் திரை ஒன்றைப் பின்புலமாகப் பயன்படுத்தத் தொடங்கி, அதைப் பிற்பாடு நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்த அந்தத் துணிக்கு முன்னால் உடை மாதிரிகளும் கைவினைத் தொழிலாளர்களும் புகழ்பெற்ற கலைஞர்களும் நின்றிருக்கிறார்கள். ஒரே திரையில் அத்தனை விதமான படங்கள் பிறந்ததற்கு, முன்பு சொன்னபடி, ஒளியும் தூரமுமே காரணம். அதற்கு முன் 1948இல் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் உள்ளூர்க்காரர் ஒருவரின் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து பென் எடுத்த படங்களில், பின்னால் வண்ணம் பூசிய திரையும் கீழே கல் பாவிய தரையும் தெரிகின்றன. திரை எங்கே முடிகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. தூணும் படிக்கட்டும் பூந்தோட்டமும் வரைந்த திரைக்கு முன்னால், சிமெண்ட் தரைமேல் நாற்காலி போட்டு நம் தாத்தா பாட்டிமார் எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தரைக்கும் திரைக்கும் இடையிலான கோடு தெரிவது குற்றமன்று. அது நேராக இருக்க வேண்டும், கழுத்தையோ முழங்காலையோ வெட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதே விதி.

இனி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தரைகள். இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் பளபளப்பான விட்ரிஃபைடு ஓடுகள்தான் மிகவும் தொல்லை தருபவை: சன்னலும் விளக்கும் அவற்றில் பிரதிபலிக்கும், இணைப்புக் கோடுகள் காமிராவின் சிறு சாய்வைக்கூடக் காட்டிக்கொடுக்கும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும். தரையோடு ஏறத்தாழ 30 முதல் 40 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அதன் பலன் அதிகம், கிட்டத்தட்டத் தரைமட்டத்திலிருந்தோ நேர்மேலிருந்தோ பார்க்கும்போது குறைவு. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையோ அழகானது. இணைப்புக் கோடுகள் இல்லாதது, காலத்தால் மெருகேறியது, கருத்த மேனிக்கு எடுப்பானது. ஆனால் தரை ஒரு பெரிய பிரதிபலிப்பானாகவும் வேலை செய்கிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது. சிவப்புத் தரைமேல் விழும் ஒளி சிவந்து மேலெழும்பி, கெண்டைக்காலின் பின்புறத்திலும் குனிந்த முகத்தின் தாடையடியிலும் படியும். வண்ணப் படத்தில் அதை நெருப்பருகே இருப்பதுபோன்ற இதமாக ஏற்றுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாம். ஆத்தங்குடி ஓடுகளின் பூ வேலைப்பாடு உடை உடுத்திய நடனப் படத்துக்குப் பொருந்தும். உடலின் கோடுகளே பேச வேண்டிய படத்தில் அது குறுக்கே பேசிக்கொண்டிருக்கும் என்பது என் அனுபவம்.

வெள்ளைத் தரை கீழிருந்து ஒளியை நிரப்பி, உடலின் அடிப்பகுதி நிழல்களைத் தணித்துவிடும். கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கி நிழல்களை ஆழமாக்கும். உடல் சிற்பம்போல் திரண்டு தெரிய வேண்டுமென்றால் கறுப்போ அடர்சாம்பலோ உதவும். இலேசாக, எடையற்று மிதப்பதுபோல் வேண்டுமென்றால் வெள்ளை. தூய வெள்ளைப் பின்புலம் வேண்டுபவர்கள் திரைக்குத் தனி விளக்குகள் வைத்து, மாடலுக்கு விழுவதைவிட ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூடுதலாக ஒளியூட்டினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் பின்னாலிருந்து பொங்கி, கை கால்களின் விளிம்புகளை அரித்துவிடும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் எடுத்த உருவப்படங்களில் வெள்ளைப் பேப்பரைத் திறந்தவெளியில் நிழலான இடத்தில் மாட்டி, இயற்கை ஒளியிலேயே எடுத்தார். அவற்றில் பலவற்றில் சட்டகம் தொடைக்கு மேலேயே முடிந்துவிடுவதால் தரைப் பிரச்சினை எழவே இல்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

கறுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்புப் பேப்பர்மேல் ஒளி பட்டால் அது அடர்சாம்பலாகத்தான் தெரியும். கறுப்புப் பருத்தித் துணியும் அப்படியே. வெல்வெட்டின் நுண்ணிழைகள் நிமிர்ந்து நிற்பதால் உள்ளே போன ஒளி இழைகளுக்கிடையே சிக்கி வெளியே வருவதில்லை, ஆகவே உண்மையான கறுப்பு வேண்டுபவர்கள் வெல்வெட்டைத் தேடுகிறார்கள். 1880களில் மனித அசைவை ஆராய்ந்த பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, வெள்ளை உடையில் ஒருவரை ஓடவிட்டு ஒரே கண்ணாடித் தகட்டில் பலமுறை ஒளி பதித்தபோது, பின்புலத்திலிருந்து சிறிதளவு ஒளி வந்தாலும் தகடு வெளுத்துவிடும் என்பதால், கருப்பு வெல்வெட் தொங்கவிட்ட ஆழமான கொட்டகையைப் பின்புலமாக அமைத்துக்கொண்டார். துணியின் கறுப்போடு கொட்டகையின் ஆழமும் சேர்ந்தே அந்த இருளைத் தந்தன. தூரமும் ஒரு கறுப்புச் சாயம்தான். வெல்வெட்டைத் தரையில் விரிப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை: தூசியும் முகப்பூச்சுத் தூளும் நூல்பிசிறும் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு காலடியும் இழைகளைச் சாய்த்துத் தடம் விட்டுவிடும், வழுக்கவும் செய்யும். பின்னால் வெல்வெட், கீழே மினுமினுப்பு இல்லாத மேட் கறுப்பு வண்ணம் பூசிய பலகை என்பதே நடைமுறைக்கு ஏற்ற கூட்டு.

கருத்த மேனியுள்ள ஒருவரைக் கறுப்புப் பின்புலத்தில் நிறுத்தினால் உருவம் கரைந்துபோகும் என்று பலர் அஞ்சி வெள்ளைக்குத் தாவிவிடுகிறார்கள். அது தேவையில்லாத அச்சம். பின்பக்கவாட்டில் இரு புறமும் ஒவ்வொரு விளக்கை வைத்து உடலின் விளிம்பில் ஒளிக்கோடு வரைந்தால் உருவம் இருளிலிருந்து தனித்து நிற்கும். தோலில் மெலிதாக எண்ணெய் தடவினால் அந்தக் கோடு இன்னும் கூர்மையாகும். (எண்ணெய் தடவிய உடலைப் பேப்பர் ரோல்மேல் படுக்க வைக்காதீர்கள்.) வெள்ளைப் பின்புலத்தில்தான் உண்மையில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் காமிராவின் ஒளிமானி தான் பார்ப்பதையெல்லாம் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், பெருமளவு வெள்ளையைக் கண்டதும் ஒளியைக் குறைத்து, கருத்த முகத்தை மேலும் கறுப்பாக்கிவிடும். ஒளி அளவை ஒரு ஸ்டாப் அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுவது, அல்லது தோலின்மேல் மட்டும் ஒளியை அளந்து எடுப்பது இதற்கு மாற்று. வண்ணங்களில், பழுப்பு மேனிக்குச் சாம்பல் கலந்த நீலமும் இலைப் பச்சையின் மங்கிய சாயல்களும் எடுப்பாக இருக்கும். மண் நிறத்திலும் காவி கலந்த பழுப்பிலும் உடல் பின்புலத்தோடு ஒன்றி, மண்ணிலிருந்து எழுந்ததுபோல் தெரியும். எடுப்பும் இணைவும் இரண்டும் நல்லவையே. எது வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரப்பின் சொரசொரப்பு படத்துக்கு மட்டுமன்றி உடலுக்கும் உரியது. மெத்தைமேல் படுத்தால் உடல் புதைந்து, அடிக்கோடு காணாமல் போகும். கடினமான தரையில் தசை அழுந்தித் தட்டையாகும், அந்தத் தட்டைதான் எடையின் சாட்சி. மணல் இவ்விரண்டுக்கும் நடுவில், உடலின் வடிவத்தைத் தானும் வாங்கிக்கொள்ளும்: அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936இல் கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளில் தம் மாடல் கேரிஸ் வில்சனை எடுத்த படங்களில், காற்று வரைந்த மணல் அலைகளும் உடல் பதிந்த தடங்களும் உருவத்தோடு சேர்ந்தே அமைந்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் பில் பிராண்ட் இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையிலும் பிரான்சின் நார்மண்டியிலும் கூழாங்கற்களோடு உடலின் பகுதிகளை மிக அருகிலிருந்து எடுத்தபோது, முழங்காலும் முழங்கையும் கல்லோடு கல்லாகத் தோற்றமளித்தன. வீட்டுக்குள் இத்தகைய சொரசொரப்பை விரும்புவோர் கோரைப்பாயையோ ஜமுக்காளத்தையோ சாக்கையோ விரிக்கலாம். ஆனால் பாயில் பத்து நிமிடம் படுத்தவரின் தோளில் கோரைத் தடம் பதிந்துவிடும், அது மறைய அரை மணி நேரம்கூட ஆகலாம்; ஆகையால் நின்ற நிலைகளை முதலிலும் படுத்த நிலைகளைக் கடைசியிலும் எடுப்பது நல்லது. கருங்கல் தரையிலோ சிமெண்ட்டிலோ நெடுநேரம் படுத்திருப்பவருக்குக் குளிர் ஏறி மயிர்க்கூச்செறிவது படத்திலேயே தெரியும். ஒவ்வொரு இடைவேளையிலும் போர்த்திக்கொள்ள ஒரு துணியும், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், எந்தப் படங்கள் எங்கே வெளிவரும் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளும் தரையைப் போலவே முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டியவை. குதிக்கும் நடனத்துக்குக் கல் தரையைத் தவிர்த்து, சற்றே நெகிழ்வு தரும் மரத் தளத்தைத் தேடுங்கள். முழங்கால்கள் படத்தைவிட முக்கியம்.

முதலில் எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகைகள் இரண்டைச் சொல்வேன். சேர்த்துப் போட்டால் எட்டுக்கு எட்டடிச் சதுரத் தளம் கிடைக்கும். ஒரு பக்கத்தில் நடுச்சாம்பலும் மறுபக்கத்தில் கறுப்பும், மினுமினுப்பு இல்லாத மேட் வண்ணமாகப் பூசிக்கொள்ளலாம். கீறல் விழுந்தால் மறுபடி ஒரு பூச்சு போதும். இரு பலகைகளும் சேரும் கோட்டை, காமிராவை நோக்கி ஓடவிடாமல், குறுக்காக, உடலுக்குப் பின்னால் வருமாறு போடுங்கள். பிறகு அதே சாம்பலில் 2.72 மீட்டர் ரோல் ஒன்றோ, அதே வண்ணம் பூசிய காடாத் துணியோ பின்னால் தொங்கினால், விளக்கை நகர்த்துவதன் மூலமே வெளிர்சாம்பல் முதல் கிட்டத்தட்டக் கறுப்பு வரை எல்லாவற்றையும் அதிலிருந்து பெறலாம். நிழல்களை நிரப்பச் சினிமாப் படப்பிடிப்புகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் தெர்மாகோல் பலகை ஒன்று போதும். அதன் ஒரு பக்கத்தில் கறுப்புத் துணியை ஒட்டிவிட்டால் ஒளியை விழுங்கும் தட்டியாகவும் அது பயன்படும்.

எந்தப் பரப்பையும் முழுதாக வாங்குவதற்கு முன் இரண்டடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சன்னலோரத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கையை அதன்மேல் விரல்கள் சற்றே மடங்கியிருக்க வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றும் நேர்மேலிருந்து ஒன்றுமாகப் படம் எடுங்கள். விரல் தொடும் இடத்தில் நிழல் கறுத்து இறங்குகிறதா, பரப்பின் நிறம் உள்ளங்கையில் ஏறுகிறதா, சன்னல் அதில் பளிச்சிடுகிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு படங்களிலேயே தெரிந்துவிடும். பிறகு கையால் அழுத்தி இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்து எடுத்து, பரப்பில் என்ன தடம் மிஞ்சியிருக்கிறது, கையில் என்ன தடம் பதிந்திருக்கிறது என்று பாருங்கள்.